எடுக்க அவசரம், கொடுக்க அவகாசமா?

(மதுரையையடுத்த கிராமம் ஒன்றில் நடைபெற்ற விவசாயிகள் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊர்ச் சாவடிச் சுவரில் ஒருநாள் காலையில் ஒரு காகிதம் ஒட்டப்படுகிறது. அதில் சர்வே நம்பர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த நம்பர்களில் ஒன்று உங்களுடையது. பொதுக் காரியத்துக்காக உங்கள் நிலம் தேவைப்படுகிறது என்று அந்தக் காகிதம் சொல்லுகிறது. உங்கள் பாட்டனார் கிணறு வெட்டிய நிலம், உங்கள் தகப்பனார் வரப்புப் போட்ட நிலம், பிள்ளைகளுக்கென்று நீங்கள் காப்பாற்றி வைத்திருந்த நிலம், அன்று முதல் வெறும் நம்பராகிவிடுகிறது.

இன்று நாம் பேச வந்திருப்பது அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சர்க்கார் நிலம் எடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அணை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், ரோடு வேண்டும். வீடில்லாதவனுக்கு மனை வேண்டும். இவற்றை யாரும் ஆகாயத்தில் கட்டுவதில்லை. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டவர்கள் நாம். எப்படி எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, யார் யாருக்குக் கொடுப்பது? இவைதான் நம் கேள்விகள்.

சின்ன உடைப்பு கேட்ட கேள்வி

இதோ, பக்கத்தில் சின்ன உடைப்பு இருக்கிறது. மதுரை விமான நிலையத்தின் ஓரத்து ஊர். இரண்டாவது உலகப் போர்க் காலத்தில், 1942-ல், வெள்ளைக்காரனுடைய விமானப் படைக்காக வந்த நிலையம் அது. இப்போது பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்கிறார்கள். நீட்டட்டும். ஆனால் ஓடுபாதை நீளுகிற திசையில் வீடுகள் இருக்கின்றன. கோயில் இருக்கிறது. அந்த வீடுகளில் பிறந்து அந்த மண்ணில் உழைத்த ஏழை ஜனங்கள் இருக்கிறார்கள்.

பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தத் திட்டத்தின் காகிதங்கள் ஆபீசுக்கு ஆபீஸ் போய்வந்தன. அப்போதெல்லாம் அவசரம் இல்லை. 2024 நவம்பரில் திடீரென்று அவசரம் பிறந்துவிட்டது. இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அதிகாரிகளும் போலீசும் வந்தார்கள். ஊர் திரண்டது. மாற்று இடம் காட்டு, வீடு கட்டிக் கொடு, பிறகு எங்களை எழுப்பு என்றது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அப்போது இடைக்காலத் தடை விதித்தது.

சின்ன உடைப்பு ஜனங்கள் கேட்டது என்ன? விமானம் வரக்கூடாது என்றா கேட்டார்கள்? இல்லை. பத்து வருஷம் உங்களுக்கு அவகாசம் இருந்ததே, அந்தப் பத்து வருஷத்தில் எங்களுக்கு ஒரு கூரை போட உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். தோழர்களே, நில ஆர்ஜிதப் பிரச்னை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

வெள்ளைக்காரன் செய்த சட்டம்

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1894-ல் வெள்ளைக்கார சர்க்கார் நில ஆர்ஜிதச் சட்டம் செய்தது. வெள்ளைக்காரன் போன பிறகும், 2013 முடியும் வரையில், அதே சட்டம்தான் நம்மை ஆண்டது. முதலில் அதில் நில சொந்தக்காரன் வாய் திறக்கவே இடமில்லை. 1923-ல்தான் 5-ஏ என்ற ஷரத்தைச் சேர்த்தார்கள். 30 நாளைக்குள் ஆட்சேபம் சொல்லலாம், கலெக்டர் விசாரிக்க வேண்டும் என்பது அந்த ஷரத்து.

ஆனால் அந்த வாசலை அடைக்க வேறொரு கதவு தயாராக இருந்தது. அதுதான் 17-வது ஷரத்து, அவசர ஷரத்து. அவசரம் என்று சர்க்கார் தீர்மானித்துவிட்டால், நோட்டீஸ் கொடுத்து 15 நாள் கழிந்ததும் கலெக்டர் நிலத்தைச் சுவாதீனம் எடுத்துக்கொள்ளலாம். விசாரணையை ரத்து செய்துவிடலாம். நின்ற பயிருக்கும் மரத்துக்கும் மட்டும் அப்போதே பணம் தர முன்வர வேண்டும். நிலத்தின் கிரயம்? அது பிறகு, சாவகாசமாக.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1984 வரையில் அந்த ஷரத்தின் வாசகத்தில் முக்கியமாகக் குறிக்கப்பட்டவை தரிசு நிலமும் உழவு நிலமும். அதாவது, அவசரம் வந்தால் முதலில் கலப்பையின் மேல்தான் கை வைக்க வேண்டும் என்று சட்டமே வழிகாட்டியது. 1984-ல்தான் சுவாதீனம் எடுக்குமுன் உத்தேச நஷ்டஈட்டில் 80 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று திருத்தினார்கள். 15 சதவீதமாக இருந்த ஆறுதல் தொகையை 30 ஆக்கினார்கள். சட்டம் பிறந்து 90 வருஷத்துக்குப் பிறகு!

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் அது 15 ஆயிற்று. அதற்கு மேல் வைத்திருந்த பெரிய மனிதர்களிடமிருந்து நிலம் எடுக்க 15 நாள் ஷரத்து போட்டார்களா? இல்லை. அங்கே ஆட்சேபம் உண்டு, விசாரணை உண்டு, டிரிபியூனல் உண்டு, அப்பீல் உண்டு. அரை ஏக்கர்க்காரனுக்கு மட்டும் பதினைந்து நாள்.

எது மெய்யான அவசரம்?

அவசரம் என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. வெள்ளம் வந்து கரை உடைந்தால் அவசரம். சேரியில் ஒரே குடிசையில் மூன்று குடும்பம் படுத்திருந்தால் அவசரம். ஆதிதிராவிட மக்களுக்கு மனைக்கட்டு கொடுக்க 1978-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் செய்தார்கள். அது செல்லாது என்று நில சொந்தக்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரையில் போனார்கள். 1994-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஒன்றை மட்டும் தள்ளுபடி செய்தது. நஷ்டஈட்டை வருஷா வருஷம் தவணையாகக் கொடுக்கலாம் என்ற பகுதி செல்லாது என்றது. நிலத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு பணத்தை மட்டும் துண்டு துண்டாகக் கொடுப்பது நியாயமில்லை.

இந்தத் தீர்ப்பு நமக்கு நல்ல பாடம். காரியம் எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், அதன் செலவைச் சர்க்கார்தான் ஏற்க வேண்டும். சேரி மக்களுக்கும் சிறு விவசாயிக்கும் நடுவே சண்டை மூட்டிவிட்டு, கஜானா ஒதுங்கி நிற்கக்கூடாது.

பொய்யான அவசரம் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஷாஜஹான்பூர் என்ற ஊர். புதிதாக ஜில்லா ஜெயில் கட்ட விவசாய நிலத்தை எடுத்தார்கள். அவசரம் என்று சொல்லி விசாரணையை ரத்து செய்தார்கள். ஆனால் முதல் அறிவிப்பு வந்தது 2008-ல். அடுத்த அறிவிப்பு வந்தது ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2009-ல். விவசாயி பேசுவதற்கு 30 நாள் கொடுக்க நேரமில்லை. கோப்பு தூங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு நேரமிருந்தது! 2011-ல் சுப்ரீம் கோர்ட் அந்த அவசரத்தை ஏற்க மறுத்தது.

அதற்கும் முன்பே, 1979-ல், பஞ்சாப் வழக்கொன்றில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதைச் சொல்லியிருந்தார். ஒருவனுடைய நிலத்தைக் கட்டாயமாக எடுப்பது பெரிய விஷயம், விசாரணைக்குக்கூடப் பொறுக்க முடியாத மெய்யான அவசரம் இருந்தாலொழிய அவன் வாயை அடைக்கக்கூடாது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். 1957-ல் கேரளத்தில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் மந்திரி சபையில் மந்திரியாக இருந்தவர் அவர்.

ஐம்பது வருஷக் கடன்

எடுப்பதில் இத்தனை அவசரம் காட்டுகிறவர்கள் கொடுப்பதில் எப்படி? ஹிமாசலப் பிரதேசத்தில் ஹமீர்பூர் ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாயாரின் நிலத்தை 1967-68-ல் ரோடு போட எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் இல்லை, ஆர்ஜிதம் இல்லை, நஷ்டஈடு இல்லை. கடைசியில் அந்தத் தாயார் கோர்ட்டுக்குப் போனபோது சர்க்கார் என்ன வாதாடியது தெரியுமா? 42 வருஷமாக நாங்கள் அனுபவித்து வருகிறோம், ஆகவே அனுபோக பாத்தியதையால் நிலம் எங்களுடையது என்றது! அடுத்தவன் வரப்பை அடாவடியாக வெட்டிச் சேர்த்துக்கொள்கிற மிராசுதார் பேசுகிற வாதம் இது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதைக் கண்டித்து, நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. அப்போது அந்தத் தாயாருக்கு வயது 80.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரையைச் சுற்றி நாற்கர ரோடுகள் ஓடுகின்றன. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 1997-ல் புதிய ஷரத்துக்களைப் புகுத்தினார்கள். கெஜட்டில் பிரகடனம் வந்த அன்றே நிலம் சர்க்காருக்குச் சொந்தம். மற்ற ஆர்ஜிதங்களுக்கு உண்டான ஆறுதல் தொகை ரோட்டுக்கு நிலம் கொடுத்தவனுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தவனுக்கு ஆறுதல் உண்டு, ரோட்டுக்குக் கொடுத்தவனுக்கு இல்லை என்றால் இது என்ன நியாயம்? இது பாரபட்சம் என்று சுப்ரீம் கோர்ட் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் 22 வருஷம் ஓடிவிட்டது.

முன்வாசலும் கொல்லைப்புறமும்

நாடெங்கும் விவசாயிகள் போராடிய பிறகு 2013-ல் புதிய சட்டம் வந்தது. 1-1-2014 முதல் அமுலாயிற்று. இதில் அவசர ஷரத்தைச் சுருக்கினார்கள். நாட்டின் பாதுகாப்பு, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றுக்கு மட்டும். வேறு அவசரமென்றால் பார்லிமெண்ட் சம்மதிக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் 80 சதவீதத்தை முன்னால் கொடுக்க வேண்டும், மொத்த நஷ்டஈட்டுக்கு மேல் இன்னும் 75 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண ஆர்ஜிதத்தில் முழுப் பணமும் கொடுத்த பிறகே சுவாதீனம். தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படுகிற குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். சர்க்காரும் தனியாரும் கூட்டென்றால் 70 சதவீதம். சமூகத்துக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். 2014 டிசம்பர் கடைசியில் இந்தப் பாதுகாப்புகளைக் கழற்ற மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2015 ஆகஸ்டில் அது காலாவதியாயிற்று.

சரி, முன்வாசல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கொல்லைப்புறத்தில் ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். ஆதிதிராவிடர் நலத்துக்கான 1978-ம் வருஷச் சட்டம், தொழில் காரியங்களுக்கான 1997-ம் வருஷச் சட்டம், 2001-ம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டத்திலிருந்து விலக்கு வாங்கினார்கள். 2019 ஜூலையில் ஹைகோர்ட் இந்த விலக்குச் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபையில் வேறொரு சட்டம் நிறைவேற்றி மூன்றையும் எழுப்பி நிறுத்தினார்கள். 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது.

இதனால் என்ன ஆகிறது? பணக் கணக்கும் மறுவாழ்வும் புதிய சட்டத்தின் அட்டவணைப்படி உண்டு. ஆனால் சம்மதம் இல்லை, சமூக ஆராய்ச்சி இல்லை. தொழில் காரியச் சட்டத்தின்படி கெஜட்டில் அறிவிப்பு வந்த தேதியிலேயே நிலம் சர்க்காருக்குப் போய்விடுகிறது. பிறகுதான் விலை பேசுவது! சந்தையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தன் தொழுவத்தில் கட்டிவிட்டு, விலையைப் பிறகு பேசலாம் என்று யாராவது சொன்னால் விடுவீர்களா? 'அவசரம்' என்ற சொல்லையே உபயோகிக்காமல் அவசர ஷரத்தின் வேலையைச் செய்கிற முறை இது.

ஒரே மண், இரண்டு விலை

இனி விலைக் கணக்கைப் பார்ப்போம். சந்தை மதிப்பு என்று சட்டம் சொல்லுகிறது. அது எது? சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் மூன்று வருஷத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் உயர்ந்தவற்றின் சராசரி ஒன்று. இவற்றில் எது அதிகமோ அது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் பத்திரச் செலவுக்குப் பயந்து நம் ஜனங்கள் மெய்யான கிரயத்தையா எழுதுகிறார்கள்? வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தானே எழுதுகிறார்கள்? 2017 ஜூனில் அந்த வழிகாட்டி மதிப்பைத் தமிழ்நாடு சர்க்கார் 33 சதவீதம் குறைத்தது. 2023-ல்தான் அந்தக் குறைப்பு விலக்கப்பட்டது. வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம். நிலம் ஆர்ஜிதமாகிறவனுக்கோ, அவன் கணக்கின் அஸ்திவாரமே மூன்றில் ஒரு பங்கு இறங்கிப்போயிற்று.

அடுத்தது பெருக்கல். கிராமத்து நிலமென்றால் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையில் பெருக்கலாம்; நகரத்து நிலமென்றால் 1-தான். பிறகு அதே அளவு ஆறுதல் தொகை, நூற்றுக்கு நூறு. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 50 சென்டு நிலம், சென்டு 20,000 ரூபாய், மொத்தம் 10 லட்சம். கிராமத்தில் உச்சமாக 2-ஆல் பெருக்கினால் 20 லட்சம். ஆறுதல் தொகையோடு 40 லட்சம். நகரத்தில் 10 லட்சம். ஆறுதலோடு 20 லட்சம். 2011-ல் மதுரை மாநகராட்சியின் எல்லையை விரித்தார்கள். 72 வார்டுகள் 100 ஆயின. சுற்றியிருந்த கிராமங்கள் உள்ளே வந்தன. ரோடு வந்ததோ இல்லையோ, சாக்கடை வந்ததோ இல்லையோ, பெருக்கல் மட்டும் 1-க்கு இறங்கிவிட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் பாதி விலை. எல்லைக் கோடு கிழித்தவன் உழவனைக் கேட்டா கிழித்தான்?

பட்டா இல்லாதவர்கள்

தோழர்களே, இவ்வளவும் பட்டா உள்ளவனைப் பற்றித்தான். பட்டா இல்லாதவர்களின் கதி என்ன?

திருமங்கலம் பக்கத்தில், உசிலம்பட்டி பக்கத்தில் மல்லிகைத் தோட்டங்களைப் பாருங்கள். விடியுமுன்னே பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறார்கள். அந்தத் தோட்டம் ஆர்ஜிதமானால், தோட்டக்காரருக்கு மண்ணின் விலை வரும், செடியின் விலை வரும். பறிக்கிற பெண்ணுக்கு? அவள் கையில் பட்டா இல்லை. ரசீது இல்லை. அவளுடைய பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் அடுப்பு எரியாதது அவள் வீட்டில்தான். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவன் கதியும் இதுதான்.

2013-ம் வருஷச் சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒப்புக்கொள்கிறது. மூன்று வருஷமாக அந்த நிலத்தை முக்கிய ஜீவனமாகக் கொண்டிருந்தால் போதும். விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரதாரர் எல்லோரும் இதில் சேருவார்கள். குடும்பத்துக்கு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 வீதம் 20 வருஷம் என்று அட்டவணை சொல்லுகிறது. வீடு போனால் வீடு. ஆனால் ஆபீசர் பட்டாப் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போனால் இந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆகவே பட்டாதாரர்கள் முன்வந்து, இவர்கள் எங்கள் நிலத்தில் உழைத்தவர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இது நம் வேண்டுகோள் மட்டுமல்ல. உங்கள் பலமும் அதில்தான் இருக்கிறது. பட்டாதாரர் பத்துப் பேர் தனியாகப் போனால் அது மனு. ஊரே போனால் அது வேறு.

மேலூர் காட்டிய வழி

விசாரணை வைத்தால் வேலை தாமதமாகும் என்கிறார்கள். மேலூரில் என்ன நடந்தது? 2024 நவம்பரில் மேலூர் தாலுகாவில் அரிட்டாபட்டியையும் நாயக்கர்பட்டியையும் சேர்த்து 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்தது. அது நில ஆர்ஜிதம் அல்ல. ஆனால் சுரங்கம் வந்தால் மேலே இருக்கிற நிலம் என்ன ஆகும் என்பது விவசாயிக்குத் தெரியாதா? அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரிய தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம். ஜனங்களைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. 2025 ஜனவரியில் ஜனங்கள் மேலூர் பக்கத்திலிருந்து மதுரைக்கே நடந்து வந்து சொன்னார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தாயிற்று. சர்க்கார் சாவடியில் நடத்த மறுத்த விசாரணையை ஜனங்கள் ரோட்டில் நடத்தினார்கள். தாமதம் யாரால்?

செய்ய வேண்டியவை

நம் கோரிக்கைகள் எளியவை. எடுப்பதற்கு எத்தனை நாள் கெடுவோ, கொடுப்பதற்கும் அத்தனை நாள் கெடு வேண்டும். பணமும் மாற்று வீடும் கைக்கு வந்த பிறகே சுவாதீனம் எடுக்க வேண்டும். விசாரணையை ரத்து செய்யக்கூடாது. பட்டா இல்லாதவர்களின் ஜாபிதாவை ஊர்க்கூட்டத்தில் வைத்துத் தயாரிக்க வேண்டும். இவை ஆகாத காரியங்கள் அல்ல. நோட்டீஸ், விசாரணை, காரணம் காட்டிய முடிவு, பொதுக் காரியம், நியாயமான நஷ்டஈடு, காலத்தில் முடித்தல் ஆகியவை எல்லாம் சொத்துரிமையின் அங்கங்கள் என்று 2024 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு கல்கத்தா வழக்கில் எண்ணிச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நோட்டீஸ் எந்தச் சட்டத்தின்படி வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கெடு அதைப் பொறுத்தது. 2013-ம் வருஷச் சட்டமென்றால் முதல் அறிவிப்பிலிருந்து 60 நாளைக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். கிணறு, மோட்டார், மரம், வீடு அனைத்தையும் இன்றே எழுதி வையுங்கள். நஷ்டஈட்டுத் தொகை குறைவென்று பட்டால், வாங்கும்போது ஆட்சேபத்துடன் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பேசாமல் வாங்கிவிட்டால் கூடுதல் கேட்கிற பாத்தியதை போய்விடும். தீர்ப்பான அன்று நீங்கள் ஆஜராகியிருந்தால், மேல்விசாரணைக்கு அனுப்பக் கேட்க 6 வாரம்தான் கெடு. உங்கள் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கூடுதலாகத் தீர்ப்பானால், அதே அறிவிப்பில் வந்த நீங்களும் 3 மாதத்துக்குள் அதைக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. சாவடியில் அந்தக் காகிதம் ஒட்டப்படுகிற அன்று, தன் நம்பர் அதில் இல்லையே என்று யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இருக்கிறவனும் இல்லாதவனும், பட்டாதாரரும் கூலியும், ஊரும் சேரியும் அன்று மாலையே அதே சாவடியில் கூடுங்கள். அந்தக் காகிதத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும்; எல்லோரும் கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.